பாக் விரிகுடாவில் கடற்பசுவை ஆராய எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, கடற்புல் மேயும் பாலூட்டியான கடற்பசுவுக்குப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதிலிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுத்த மாணவி, "ட்ரோன் வாங்கலாமா, மீனவர்களிடம் பேசினால் போதுமா?" என்று கேட்கிறார். கரையோரத்தில் இயங்கும் சிறு அமைப்பு ஒன்று, இருக்கிற நிதியில் நீரடி ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாமா என்று கேட்கிறது. இன்னும் சிலர் ஆஸ்திரேலியாவில் செய்வதைப் போல விமானத்திலிருந்து எண்ணினால்தான் அது ஆய்வு என்று நம்புகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு குழுவுக்கு இந்தக் கடலில் முதல் வேலை, மீனவர்களிடம் முறையாகக் கேட்பதும் கடற்புல் தரையில் மேய்ச்சல் தடம் தேடுவதும்தான். மற்ற முறைகளுக்கும் இடம் உண்டு, ஆனால் பெரும்பாலும் அவை இரண்டாவது, மூன்றாவது படிகள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கேள்வி என்ன? கடற்பசு இங்கே இருக்கிறதா, எந்த இடத்தில் எந்த மாதத்தில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எதனால் சாகிறது என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். நான்குக்கும் ஒரே முறை பதில் தராது.

தண்ணீர் எப்படி? பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் அலை எழுந்து அடிச்சேறு கலங்கிவிடும். கண்ணால் பார்த்து எண்ணும் எந்த முறையும் அந்த மாதங்களில் முடங்கிப்போகும்.

முழுச் செலவு எவ்வளவு? கருவியின் விலை அதில் ஒரு பகுதிதான். அனுமதி, படகு, டீசல், பதிவானதை உட்கார்ந்து பார்க்கும் மாதக்கணக்கான உழைப்பு ஆகியவை விலைப்பட்டியலில் வராது.

யாருக்குப் பாதிப்பு? விலங்குக்கும் பாதிப்பு வரலாம், மீனவருக்கும் வரலாம். இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த அளவுகோல்களுக்குப் பின்னால் விலங்கின் உயிரியல் இருக்கிறது. கடற்பசு 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் பெண் கடற்பசு முதல் குட்டி ஈனவே குறைந்தது ஆறு வயதாகும், சிலவற்றுக்குப் பதினேழு வரை தள்ளிப்போகும். சினைக்காலம் 13 முதல் 14 மாதம். ஒரு ஈற்றில் ஒரே குட்டி. அடுத்த ஈற்றுக்கு இரண்டரை முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எல்லாம் சாதகமாக அமைந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காடுதான் பெருகும்.

இதை நம் கடலுக்குப் பொருத்திப் பாருங்கள். இந்தியக் கடல் முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய 200 முதல் 250 கடற்பசுக்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு பகுதியில் 200 இருப்பதாகவும், ஆண்டுக்கு 5 விழுக்காடு குறைவதாகவும் வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு கழித்து 163 இருக்கும். கணக்கெடுப்பின் பிழை மேலும் கீழும் 20 விழுக்காடு என்றால், இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் பிழைக்குள்ளேயே மறைந்துபோகும். எண்ணி முடித்து "குறைகிறது" என்று உறுதியாகச் சொல்லும் நாளில் காப்பாற்ற அதிகம் மிஞ்சியிருக்காது. அதனால்தான் "எத்தனை?" என்பதிலிருந்து தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. எங்கே, எப்போது, எதனால் சாகிறது என்பவற்றுக்குக் குறைந்த செலவில் பதில் கிடைக்கும். வலையை எங்கே விடக்கூடாது என்று முடிவெடுக்கத் தேவைப்படுவதும் அந்தப் பதில்கள்தான்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் அதிகம் கிடைப்பது அமெரிக்காவின் புளோரிடா மாநில மனாட்டி ஆய்வுகள். மனாட்டியும் கடற்பசுவும் நெருங்கிய உறவு விலங்குகள் என்பதால் அதே முறையைக் கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றும். மனாட்டிக்கு 20 டிகிரிக்குக் கீழான குளிர்நீர் ஆகாது. குளிர்காலத்தில் அவை ஊற்றுகளிலும் மின்நிலையங்களின் வெந்நீர் வெளியேறும் வாய்களிலும் தாமாகவே திரளும், போய் எண்ணினால் போதும். படகின் உந்துவிசிறி கிழித்த தழும்புகளை வைத்து ஒவ்வொன்றையும் ஆள் அடையாளம் காண்கிறார்கள். நம் கடலில் கடற்பசுவைத் திரளவைக்கும் அப்படியொரு குளிர் இல்லை. மூச்சுவிட மேலே வந்தாலும் மூக்குத்துளை மட்டும் ஓரிரு நொடி தெரிந்து மறைந்துவிடும்.

## மீனவர் நேர்காணல்

எதற்குப் பதில் தரும்: இருக்கிறதா, எங்கே, எந்தப் பருவத்தில், முன்பு எப்படி, எந்த வலையில் சிக்குகிறது.

இதன் வலிமைக்கு ஒரு சான்று தென் சீனா. அங்கே நான்கு மாகாணங்களின் கடலோரத்தில் 788 பேரிடம் கேட்டு 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. கடற்பசுவை எப்போதாவது பார்த்ததாகச் சொன்னவர்கள் 5 விழுக்காடுதான். அவர்கள் கடைசியாகப் பார்த்தது சராசரியாக 23 ஆண்டுகளுக்கு முன்பு. ஐந்து ஆண்டுக்குள் பார்த்தவர்கள் மூன்றே பேர். சீனக் கடலில் கடற்பசு நடைமுறையில் அற்றுப்போய்விட்டது என்ற முடிவுக்கு அந்த ஆய்வு வந்தது. அந்தமான் நிக்கோபாரிலும் மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், மீனவர் நினைவையும் கடற்புல் களஆய்வையும் இணைத்து, கடற்பசு வாழும் இடங்கள் எவ்வளவு சுருங்கிவிட்டன என்று காட்டினார்கள்.

எளிதாகத் தோன்றுவதால் பலர் இதை அரைகுறையாகச் செய்துவிடுகிறார்கள். சரியாகச் செய்ய மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, எந்த விலங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. கரையோரத்தில் ஆவுளியா என்றால் தெரியும். ஆனாலும் இந்தக் கடலில் முதுகுத்துடுப்பு இல்லாத கடற்பன்றியும் உண்டு. தூரத்தில் வழுவழுப்பான முதுகு மட்டும் தெரிந்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆகவே படங்களைக் காட்டிக் கேளுங்கள். ஓங்கில் (டால்பின்), கடற்பன்றி, கடற்பசு ஆகியவற்றோடு மனாட்டியின் படத்தையும் கலந்து வையுங்கள். கடற்பசுவின் வால் ஓங்கிலுடையதைப் போல இரண்டாகப் பிளந்திருக்கும், மனாட்டியின் வால் துடுப்புப் போல வட்டமாக இருக்கும். வட்ட வாலைக் காட்டி "இதுதான் வலையில் வந்தது" என்று ஒருவர் சொன்னால், அவருடைய மற்ற பதில்களையும் கவனமாகக் கையாள வேண்டும்.

இரண்டாவது, காலம். "எந்த ஆண்டு பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பதில் தோராயமாகத்தான் வரும். "ஐயா, கஜா புயலுக்கு முன்பா, பின்பா?" என்று கேட்டுப் பாருங்கள். 2018 கஜா, 2004 சுனாமி, பெரியவர்களுக்கு 1964 தனுஷ்கோடிப் புயல் என்று மூன்று கொழுகொம்புகள் இருந்தால் நினைவு சரியான இடத்தில் போய் நிற்கும். மாதத்தையும் இப்படியே வாடைக்காற்றை வைத்துக் கேட்கலாம். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், "தடைக்காலத்திலா?" என்ற கேள்வியும் பயன்படும்.

மூன்றாவது, அச்சம். கடற்பசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் சிறை. நோட்டுப் புத்தகத்தோடு வந்து "உங்கள் வலையில் சிக்கியதா?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிறவருக்கு எந்த மீனவர் உண்மை சொல்வார்? பெயர், படகு எண் எதையும் எழுதாதீர்கள். முதலில் அவர் விடும் வலைகள், போகும் இடங்கள், கடற்புல் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பேசுங்கள். வலையில் சிக்கியதைப் பற்றிக் கடைசியில், அவர் வலையைக் குறிப்பிடாமல், "இந்தப் பக்கத்தில்" என்று கேளுங்கள்.

ஆண்களிடம் மட்டும் கேட்டு முடித்துவிடுவதும் பெரிய குறை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களும், சங்கு குளிப்பவர்களும் கடலின் தரையைக் கண்ணால் பார்க்கிறவர்கள். படகில் இருப்பவர் பார்க்காததை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு: நம்பிக்கை. அது கிடைக்க மாதங்கள் ஆகும், ஒரே ஒரு புகைப்படம் தவறான இடத்துக்குப் போனால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். இன்னொன்று, வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவிப்பவர்களுக்கு இப்போது வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. மிக நல்ல திட்டம். ஆனால் விடுவிப்புச் செய்திகள் கூடினால் விலங்குகள் கூடின என்று எழுதிவிடாதீர்கள், செய்தி சொல்பவர்கள்தான் கூடியிருக்கிறார்கள்.

எப்போது ஏற்றது: எப்போதும், எல்லாருக்கும், முதல் படியாக.

## மேய்ச்சல் தடம் தேடுதல்

எதற்குப் பதில் தரும்: எந்தக் கடற்புல் திட்டில், எந்த வாரங்களில் மேய்கிறது, எந்தப் புல்லை விரும்புகிறது.

பாதுகாப்பகத்துக்குள் 12,250 ஹெக்டேருக்கும் மேல் கடற்புல் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் கடற்பசு எதைத் தின்கிறது என்பதை அது தின்ற இடமே காட்டிக்கொடுத்துவிடும். ஹாலோபிலா, ஹாலோடியூல் போன்ற குட்டையான, மென்மையான புற்களைக் கடற்பசு இலையோடு வேரையும் கிளறி எடுக்கிறது. மேய்ந்து நகர்ந்த வழியில் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில், சில சென்டிமீட்டர் ஆழத்தில், வளைந்து வளைந்து செல்லும் வெறும் மணல் வரி கிடக்கும். சில வரிகள் ஒரு மீட்டரில் நின்றுவிடும், சில பல மீட்டர் ஓடும்.

இதற்குக் கண் பழக வேண்டும். திருக்கை தோண்டியது வட்டமான குழியாக இருக்கும். இழுவலை போன வழி நேராக, அகலமாக, நீளமாக இருக்கும். நங்கூரம் இழுபட்ட இடத்தில் புல் பிய்ந்து ஓரம் தாறுமாறாகக் கிடக்கும். கடற்பசுவின் வரியில் இரண்டு ஓரமும் சீராக இருக்கும், நடுவில் ஓரிரு இலைகள் தப்பி நிற்கும். புதிய தடத்தில் மணல் வெளுத்திருக்கும். ஹாலோபிலா வேகமாகத் தளிர்க்கும் புல் என்பதால் தடம் நாளடைவில் மூடிவிடும். ஆகவே தரையில் குறித்துவைத்த ஒரே சதுரப் பகுதிக்கு இரண்டு வாரத்துக்கொருமுறை திரும்பிச் சென்றால், பழைய தடத்தையும் புதியதையும் பிரித்து எழுதலாம்.

தாய்லாந்தின் திராங் மாகாணத்தில், லிபோங் தீவில், வற்றத்தின்போது கடற்புல் தரை பரந்து வெளியே தெரியும். அங்கே நடந்துபோயே தடங்களைப் பதிவு செய்யலாம். நம் பக்கம் ஏற்றவற்றம் குறைவு. முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு நீந்தித்தான் பார்க்க வேண்டும். நீச்சல் தெரியாத மாணவர் இந்த முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, கரையோர இளைஞர் ஒருவருடன் சேர்ந்து செய்வதே முறை, அவருக்குக் கூலியும் ஆய்வில் பெயரும் தர வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: உயரமான புற்களில் கடற்பசு இலையை மட்டும் கடித்துவிட்டுப் போகலாம், அங்கே தடம் விழாது. ஆகவே தடம் இல்லை என்பதை வைத்து விலங்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு விலங்கு பத்துத் தடம் போட்டதா, பத்து விலங்குகள் ஒவ்வொன்று போட்டனவா என்பதும் தெரியாது. கலங்கிய மாதங்களில் வேலை நின்றுவிடும்.

எப்போது ஏற்றது: கையில் பணம் குறைவு, ஆனால் ஓராண்டு முழுக்க ஒரே ஊரில் தங்க முடியும் என்றால் இதைவிட நல்ல முறை இல்லை.

## ஆள் ஏறும் விமானத்திலிருந்து கணக்கெடுப்பு

எதற்குப் பதில் தரும்: பெரும் பரப்பில் எத்தனை.

உலகில் கடற்பசு எண்ணிக்கை பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இந்த முறையால் வந்தது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் ஹெலன் மார்ஷ் 1980களில் இதைச் செம்மைப்படுத்தினார். விமானம் தாழ்வாக நேர்கோடுகளில் பறக்கும். இரண்டு பக்கமும் குறிப்பிட்ட அகலத்துக்குள் தெரிவதை, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாதபடி, ஒவ்வொரு பக்கமும் இருவர் எண்ணுவார்கள். இருவர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால், கண்ணில் படக்கூடியதாக இருந்தும் தவறவிட்டது எவ்வளவு என்று கணக்கிடலாம். நீருக்கடியில் இருந்ததால் தெரியவே வாய்ப்பில்லாதவை எத்தனை என்பதற்குத் தனித் திருத்தம் உண்டு. அதற்காகக் கடற்பசு உருவ மாதிரிகளை வெவ்வேறு ஆழங்களில் மூழ்கவைத்து, மேலிருந்து எதுவரை தெரிகிறது என்று பார்த்தார்கள்.

1986இல் அரபு வளைகுடாவில், பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் இடையே, 674 கடற்பசுக்கள் கொண்ட ஒரே கூட்டத்தை ஆந்தனி பிரீன் கண்டதும் வான்வழிக் கணக்கெடுப்பின்போதுதான். அதுவரை அங்கே அத்தனை இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆயிரக்கணக்கில் இருக்கும் கடலுக்கான முறை இது. சில பத்துகள் மட்டுமே இருக்கக்கூடிய கடலில் நாள் முழுக்கப் பறந்து ஒன்றிரண்டைக் கண்டால், அதை வைத்து மொத்தம் கணக்கிடுவது ஆபத்து. சர்வதேசக் கடல் எல்லையை ஒட்டித் தாழப் பறக்கத் தேவைப்படும் அனுமதிகளையும் நினைத்துப் பாருங்கள். மாணவருக்கோ சிறு அமைப்புக்கோ உரிய வேலை இல்லை. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து விரிகுடா முழுவதையும் பார்க்க என்றைக்காவது முன்வந்தால், அப்போது இதுவே பொருத்தம்.

## ட்ரோன்

எதற்குப் பதில் தரும்: குறிப்பிட்ட திட்டில் இருக்கிறதா, தாயும் குட்டியுமா, என்ன செய்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் அமாண்டா ஹாட்ஜ்சன் குழு 2010இல் ஆளில்லா விமானத்தைச் சோதித்தது. எடுத்த 6,243 படங்களில் 627 கடற்பசுக்களைக் கண்டுபிடித்தார்கள். விமானத்தில் ஆள் போகும் ஆபத்து இல்லை, படம் நிரந்தரச் சான்று. இந்த இரண்டு நன்மைகளும் உண்மையானவை. ஆனால் அந்தப் படங்கள் ஒவ்வொன்றையும் யாரோ கண்ணால் பார்த்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கடையில் கிடைக்கும் நான்கு விசிறி ட்ரோனை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரத்தில் அதன் படம் ஏறக்குறைய 150 மீட்டர் அகலத்தைக் காட்டும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 20 நிமிடம் பறந்தால் 12 கிலோமீட்டர். ஒரு பேட்டரிக்கு 1.8 சதுர கிலோமீட்டர்தான். 448 சதுர கிலோமீட்டரை ஒருமுறை முழுதாகப் பார்க்க ஏறத்தாழ 250 பேட்டரி வேண்டும், படகிலிருந்து ஏற்றி இறக்க வேண்டும், காற்று ஒத்துழைக்க வேண்டும். பாதுகாப்பகம் முழுவதையும் ட்ரோனால் எண்ணுகிறோம் என்ற திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஆனால் நேர்காணலும் தடமும் சேர்ந்து இரண்டு, மூன்று திட்டுகளைக் காட்டிவிட்டன என்றால், அங்கே காலை வெயில் ஏறுமுன், நீர் தெளிந்த நாளில் பறக்கவிட்ட ட்ரோன் மற்ற எந்த முறையாலும் தர முடியாததைத் தரும். தாய்க்குப் பின்னால் ஒட்டிச் செல்லும் குட்டி அதில் தெரியும். அந்தத் திட்டு குட்டி வளர்க்கும் இடம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு: வனத்துறை, விமானப் போக்குவரத்து விதிகள், கடலோரப் பாதுகாப்பு என்று அனுமதிகள் பல. கடலில் விழும் கருவி. விலங்கு திரும்பி விலகினால் உடனே உயரத்தைக் கூட்டும் கட்டுப்பாடு.

## ஒலிப்பதிவும் நீரில் மரபணுவும்

கடற்பசு குருவியைப் போலக் கீச்சிடும். தாய்லாந்தின் லிபோங் தீவருகே ஜப்பானிய ஆய்வாளர்கள் தானியங்கிக் கருவிகளை நீரடியில் வைத்து இதை இரவு பகலாகப் பதிவு செய்தார்கள். கலங்கல் நீரிலும் இருட்டிலும் வேலை செய்வது இதன் பெரிய பலம். ஆனால் பேசாத விலங்கு பதிவாகாது, பாக் விரிகுடாவின் இயந்திரப் படகு இரைச்சலில் மெல்லிய கீச்சு மூழ்கிவிடும். வலைகள் நிறைந்த கடலில் கருவி திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. விசைப்படகுகள் போகாத தடைக்காலம் இதற்குப் பொருத்தமான காலம்.

நீரில் உதிர்ந்த மரபணுவைக் கண்டறியும் முறை புளோரிடா, கியூபா, கேமரூன் ஆகிய இடங்களில் மனாட்டிக்குப் பயன்பட்டிருக்கிறது. கலங்கிய ஆற்றில், கண்ணுக்கே தெரியாத ஆப்பிரிக்க மனாட்டியைத் தேட இது அருமையான வழி. திறந்த கடலில் நீரோட்டம் மரபணுவை எங்கிருந்தோ கொண்டுவரும். ஆய்வகத் துணை உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

## செயற்கைக்கோள் கருவி பொருத்துதல்

வாலடியில் பட்டை கட்டி, கயிற்றில் மிதக்கும் கருவியை இணைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் சில கடற்பசுக்கள் 500 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்ததை இதனால்தான் அறிந்தோம். இங்கே நான் இதைத் தெளிவாக எதிர்க்கிறேன். பிடிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியில் விலங்கு இறக்கக்கூடும், கயிறு இழுத்துச் செல்லும் விலங்கு செவுள் வலைகளுக்கு நடுவே வாழ வேண்டியிருக்கும். இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஒரு பெண் விலங்கைப் பணயம் வைக்கும் அளவுக்கு எந்த ஆய்வுக் கேள்வியும் பெரிதில்லை.

## கரையொதுங்கும் உடல்கள்

இது தேர்வு செய்யும் முறை இல்லை, வாய்க்கும்போது விடக்கூடாத கடமை. மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நீளம், வலைக் கயிற்றின் தழும்பு, இரைப்பையில் இருந்த புல், பாலினம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். தந்தத்தின் வளர்ச்சி அடுக்குகளை எண்ணி வயதைக் கண்டுபிடிக்கலாம். முதல் தகவல் வனத்துறைக்குப் போக வேண்டும், நீங்களாக உடலைத் தொட்டு அறுக்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| முறை | சிறப்பாகச் சொல்வது | பெரிய தடை | யாருக்கு |
|---|---|---|---|
| நேர்காணல் | இடம், பருவம், கடந்தகாலம், வலை | அச்சம், நினைவுப் பிழை | எல்லாருக்கும் |
| மேய்ச்சல் தடம் | மேய்ச்சல் திட்டு, புல் வகை | கலங்கல், நீச்சல் | கரையில் தங்குவோர் |
| விமானம் | பெரும்பரப்பில் எண்ணிக்கை | செலவு, எல்லை அனுமதி | அரசுகள் |
| ட்ரோன் | தாய்-குட்டி, நடத்தை | சிறு பரப்பு, படம் பார்க்கும் உழைப்பு | இடம் தெரிந்த குழு |
| ஒலி | இரவு வருகை | இரைச்சல், கருவி இழப்பு | தொழில்நுட்பத் துணை உள்ளோர் |
| நீர் மரபணு | இருக்கிறதா | நீரோட்டம், ஆய்வகம் | பல்கலைக்கழகங்கள் |
| செயற்கைக்கோள் | நகர்வு | விலங்குக்கு ஆபத்து | இங்கே வேண்டாம் |

## உங்கள் நிலையில் எது?

ஆறு மாத ஆய்வேடு என்றால் நேர்காணல் மட்டும் போதும். ஐந்தாறு ஊர்களில் ஒரே கேள்வித்தாளுடன், வலை வகையையும் கடலில் உள்ள இடத்தையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லி முடியுங்கள். இதற்கிடையில் ட்ரோன் ஆசை வேண்டாம், அனுமதி வருமுன் ஆறு மாதம் முடிந்துவிடும்.

கரையிலேயே இருக்கும் அமைப்பு என்றால் முதல் ஆண்டு நேர்காணலும் தடமும், இரண்டாம் ஆண்டு கண்டுபிடித்த திட்டுகளில் மட்டும் ட்ரோன் என்று வகுத்துக்கொள்ளுங்கள். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் இந்தக் கரையில் மீனவத் தன்னார்வலர்களுடன் ஆண்டுக்கணக்காக வேலை செய்து வருகிறது. அவர்கள் வைத்திருக்கும் படிவத்தையொட்டியே உங்கள் படிவத்தையும் அமைத்தால் இரண்டு தரவுகளும் பிற்பாடு சேரும்.

எந்த வழியில் போனாலும், முதல் அட்டவணை விலங்கு என்பதால் களஆய்வுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியை முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள். நீர் தெளிந்திருக்கும் மாதங்களைக் கடிதப் போக்குவரத்தில் இழக்காமலிருக்க, வாடைக்காற்று அடிக்கும் மாதங்களிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.